அம்பாரத்தில் கூவிய சேவல்

என் அப்பா சவரிமுத்துவுக்குக் கண் போன பிறகு அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த கேள்வி, "மணி என்ன?" என்பதுதான். சோறு கேட்க மாட்டார், மாத்திரை கேட்க மாட்டார், மணி கேட்பார். தெருவில் போகிறவர், பால்காரர், கோயிலுக்குப் போகிறவர் என்று யார் காலடி கேட்டாலும் கேட்பார். முதலில் எல்லாரும் சொன்னார்கள். போகப் போகச் சலித்துக்கொண்டார்கள். ஒருநாள் எதிர்வீட்டு அம்சவள்ளி, மணி தெரிந்து இவர் எந்த ஆபீசுக்குப் போகப் போகிறார் என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அதோடு வெளி ஆளிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும் என்னிடம் மட்டும் கேட்பார், அதுவும் கைமாற்று கேட்பவர் மாதிரி இழுத்து இழுத்து. அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

கடல் ஊருக்குள் வந்து போன மறுவருஷம் அது. நான் ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் அறை சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே தங்கியிருந்த ஒரு வயதான ஜெர்மன் அம்மாவுக்குப் பார்வை மங்கல். அவர் தலைமாட்டில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கடிகாரம் இருந்தது. பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் மணி சொல்லும். அழுத்தாவிட்டாலும் ஒவ்வொரு மணிக்கும் சேவல் கூவிவிட்டு மணி சொல்லும். நான் மெத்தை விரிப்பை மாற்றுவதை விட்டுவிட்டு அதை நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தேன். ஒன்று, ரெண்டு, மூன்றுக்கு உண்டான இங்கிலீஷ் அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். லாரியில் மூட்டை ஏற்றும்போது அவர் எண்ணியதே இங்கிலீஷில்தான்.

பாண்டிச்சேரிக் கடைகளில் தேடினேன். அப்படி ஒன்று இருப்பதையே யாரும் நம்பவில்லை. கடைசியில் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த கௌதமன்தான், இன்டர்நெட்டில் ஒரு சந்தை இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று சொன்னான். தேடினால் நாக்பூரில் ஒரு ஆள் பழைய பேசும் கடிகாரம் ஒன்றை விற்பதற்கு வைத்திருந்தார். பேட்டரியோடு அனுப்புகிறேன், சேவலும் கூவும் என்று எழுதியிருந்தார். கௌதமன் தன் பெயரில் இருந்த கணக்கிலேயே வாங்கிக் கொடுத்தான்.

எங்கே அனுப்புவது என்பதில்தான் இடித்தது. எங்கள் தெருவுக்குக் கதவு எண் கிடையாது, கூரியர்காரர் உள்ளே வர மாட்டார். அப்பா வேலை பார்த்த ராஜாங்கம் முதலாளியின் உப்பளம் ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டியே இருந்தது. அதனால் என் பெயரைப் போட்டு, கீழே ராஜாங்கம் உப்பளம் என்று போடச் சொன்னேன். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவர் கையில் வைத்து, பொத்தானை நானே அழுத்தி, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊர் முழுக்கச் சொல்லிவைத்தேன், அப்பாவிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியது. கடிகாரம் வரவில்லை. கௌதமன் நாக்பூர்காரருக்கு எழுதினான். நான் கூரியரில் போட்டாகிவிட்டது, ரசீது இருக்கிறது, இனிமேல் எனக்குச் சம்பந்தமில்லை என்று அவர் பதில் எழுதினார். கூரியர் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். உப்பளத்தில் கொடுத்தாகிவிட்டது, கையெழுத்து இருக்கிறது என்றார்கள். யார் கையெழுத்து என்று கேட்டேன். ஏதோ கிறுக்கல், கோட்டைத் தாண்டிப் போயிருக்கிறது, படிக்க முடியவில்லை என்றார்கள். கொண்டுபோன ஆளைக் கேளுங்கள் என்றேன். அவர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டாராம்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. ஒரு பொருள் நாக்பூரில் கிளம்பியிருக்கிறது, மரக்காணத்தில் இறங்கியிருக்கிறது, நடுவில் எல்லாரும் ஒழுங்காக அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள், கடைசியில் பொருளைக் காணோம். யாரைக் கேட்டாலும் பக்கத்து ஆளைக் கை காட்டுகிறார்கள். அப்படியானால் இது யார் பொறுப்பு? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சந்தையைக் கேள் என்று கௌதமனைப் பிடுங்கி எடுத்தேன். அவன் அவர்கள் விதிகளை எல்லாம் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, அவங்க கல்யாணத் தரகர் மாதிரி. பொண்ணு இங்க இருக்குது, மாப்பிள்ள அங்க இருக்கான்னு காட்டுவாங்க. அப்புறம் குடித்தனத்துல என்னா ஆச்சுன்னா அவங்களுக்குத் தெரியாதாம்."

தரகர் என்றால் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டாவது போவார், இவர்கள் அதுகூட இல்லையே என்றேன். அவன் சிரித்தானே தவிர வழி சொல்லவில்லை. தான் தட்டச்சு செய்தவன் மட்டும்தான் என்றும் சந்தடி சாக்கில் சொல்லி வைத்தான்.

ராஜாங்கம் முதலாளியிடமே போனேன். என் பெயருக்கு எதுவும் வரவில்லை என்று அவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பிறகு உட்காரச் சொல்லி, உப்பு வியாபாரத்தில் இந்த வழக்கே வராது என்று விளக்கினார். லாரியில் மூட்டை ஏற்றி மேலே தார்ப்பாய் போர்த்திக் கயிற்றை இழுத்துக் கடைசி முடிச்சுப் போடுகிற வரைக்கும் உப்பு அவருடையது. நனைந்தாலும் கரைந்தாலும் அவர் நஷ்டம். முடிச்சு விழுந்த நிமிஷத்திலிருந்து வாங்குகிறவருடையது. லாரி குடை சாய்ந்தாலும் முதலாளியைக் கேட்க முடியாது. அதனால் வாங்குகிறவர் அனுப்பிய லாரிக்காரரே கடைசி முடிச்சைத் தன் கையால்தான் போடுவார், இல்லாவிட்டால் வண்டியை எடுக்க மாட்டார்.

"உன் சாமானுக்குக் கடைசி முடிச்சு போட்டவன் யாருன்னு பாரு மேரிசெல்வி. அவன் கிட்டதான் இருக்கும்" என்றார்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. அத்தனை பக்க விதிகளைவிட இது தெளிவாக இருந்தது. ஆனால் முடிச்சுப் போட்டவரைத் தேட வேண்டுமே. உப்பளத்துக் காவலாள் கொளஞ்சி அண்ணனைக் கேட்டேன். "உன் பேருக்கு ஒண்ணும் வரலியேம்மா" என்றார். உப்பு வாரும் பெண்களை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கூரியர்காரரைப் பார்த்ததாகக்கூட யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும்போது, அப்பா காதுக்குப் போக வேண்டாம் என்று மறக்காமல் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. பாத்திகள் எல்லாம் ஒரே தண்ணீர்க்காடு. அப்பா உப்பளத்துக்குப் போக முடியாமல் வீட்டோடு கிடந்தார். உப்பளத்தில் வேலை நடக்கிற மாதங்களில் தினமும் யாராவது கையைப் பிடித்து வரப்பு மேல் கூட்டிப்போவார்கள். கொட்டகையில் உட்கார்ந்து, மலைமாதிரி குவித்த உப்பு அம்பாரத்துக்குப் போர்த்துகிற ஓலையைத் தடவித் தடவிக் கட்டிக் கொடுப்பார். கூலிக்காக இல்லை, அங்கே இருந்தால் அவருக்குப் பொழுது போகும். இப்போது மழைச் சத்தத்தில் பகலா இரவா என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. என்னிடம் கேட்பதையும் குறைத்துக்கொண்டார். ஒருநாள் மத்தியானம் தூங்கி எழுந்து, விடிந்துவிட்டது என்று நினைத்துப் பல் விளக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நானும் அப்பாவும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். கொளஞ்சி அண்ணன் டீக்கடையில் ஒரு கூட்டத்தை நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ரோட்டோரத்துப் பெரிய அம்பாரத்துக்குள் ஏதோ இருக்கிறதாம். ஓலை காற்றில் பிய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர் காதால் கேட்டாராம். எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் வந்தாராம்.

"உப்புக்குள்ளாரேந்து ஒரு சேவலு கூவுதும்மா. கூவிட்டு ஒரு பொம்பள என்னமோ முணுமுணுக்குது. காலையில ஒருதரம் கேட்டேன், கொட்டாயில ஒக்காந்து பீடி புடிச்சிட்டு எழுந்தா திரும்பவும் கூவுது."

கூட்டம் வாயைப் பிளந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உப்பளத்துக்கு நடந்தேன். எங்கே இழுத்துக்கொண்டு போகிறாய் என்று அவர் கேட்டதற்கு, வா சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கொளஞ்சி அண்ணன் பத்தடி தள்ளியே வந்தார்.

அம்பாரம் வீட்டுக் கூரை உயரத்துக்கு ஓலை போர்த்தி, கயிறு குறுக்கும் நெடுக்கும் போட்டு நின்றது. கீழே எலுமிச்சம்பழம் உருண்டு கிடந்தது. நான் ஓலையில் காதை வைத்து அங்கும் இங்கும் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. கயிற்றை அவிழ்க்கப் போனேன், எந்த முடிச்சு எங்கே என்றே தெரியவில்லை.

"என்னத்தத் தேடற?" என்றார் அப்பா.

இனி மறைத்து ஆவதில்லை. ஒரு பார்சல், கூரியரில் வந்தது, இதற்குள் இருக்கிறது போல என்றேன்.

"முதலாளி பார்சலா? அது ரோட்டுப் பக்கம் இருக்குது. நாந்தான வச்சேன்."

நான் கயிற்றை விட்டுவிட்டேன். அப்பா ஓலையைத் தடவிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனார். போகும்போதே சொன்னார். மழை கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு எல்லாரும் ஓலை போர்த்த ஓடிக்கொண்டிருந்தார்களாம். கொட்டகையில் இவர் மட்டும் இருந்தாராம். உப்பளத்துக்குப் பார்சல் என்று ஒருவர் வந்து கையில் கொடுத்து, விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கிப் போனாராம். உப்பளத்துக்கு வருவது முதலாளி சாமானாகத்தானே இருக்கும். கொட்டகையோ ஒழுகும். மழை நாளில் உப்பளத்தில் நனையாத இடம் ஒன்றுதான். முதலாளியின் குடையோ சட்டையோ எது வெளியே கிடந்தாலும் அம்பாரத்து ஓலைக்குள் செருகுவதுதான் அங்கே பழக்கம். இவரும் பாலிதீன் சாக்கில் சுற்றி உள்ளே வைத்து, மேலே ஓலை விழுந்ததும் கயிற்றைத் தானே இழுத்துக் கட்டினாராம். கொளஞ்சியிடமும் அப்போதே சொல்லிவிட்டாராம்.

நான் கொளஞ்சி அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "முதலாளி பார்சல்னுதான சொன்னாரு" என்றார் மெதுவாக. "நீ உன் பேருக்குல்ல கேட்ட."

அப்பாவின் விரல் ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து நின்றது. நான் பார்த்தும் பிடிபடாதது அவர் தொட்டதும் அவிழ்ந்தது. கையை முழங்கை வரை உள்ளே விட்டுச் சாக்கை வெளியே இழுத்தார். உப்பு சரசரவென்று கொட்டியது. பெட்டி ஈரமில்லாமல் மொடமொடவென்று இருந்தது. மேலே பெரிய எழுத்தில் என் பெயர்.

"இது முதலாளி சாமான் இல்லப்பா. உனக்கு வாங்கினது. இதுக்காகத்தான் நாக்பூர்லேந்து ஊரு வரைக்கும் எல்லாரையும் கேட்டுட்டேன்."

அவர் பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அதன் ஓரங்களைத் தடவிப் பார்த்தார். பிறகு கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

"எல்லாரையும் கேட்ட. என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் ரகசியமாக வைத்திருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் உண்மை அது மட்டும் இல்லை. கண் தெரியாதவருக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது என்றுதான் எனக்கும் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. அம்சவள்ளி அதை வாய்விட்டுச் சொன்னாள், நான் சொல்லவில்லை. எனக்கு முகம் எரிந்தது. நல்லவேளையாக அது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன், உடனே அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டேன்.

வரப்பிலேயே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தோம். கடிகாரத்தை அவர் கையில் வைத்து, பொத்தானின் மேல் அவர் விரலை வைத்தேன். நான் அழுத்தவில்லை.

கொளஞ்சி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"மணி என்னப்பா?" என்று கேட்டேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இரு, பாத்துச் சொல்றேன்" என்று பொத்தானை அழுத்தினார்.