ஏழாம் பக்கத்துத் திருத்தம்

பூட்டு ரிப்பேர்காரரின் படம், திருடன் பிடிபட்ட செய்தியோடு முதல் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்கு வெளியான அன்று, அவர் நடந்துபோன தெருவெல்லாம் பூட்டுகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. அவர் தெரு திரும்பியதும் திறந்துகொண்டன. கடை விளம்பரத்துக்காக அவர் கொடுத்திருந்த படமும் திருடன் படமும் பத்திரிகை ஆபீஸில் ஒரே தட்டில் கிடந்திருக்கின்றன, ஒன்றுக்கு ஒன்று மாறிவிட்டது. அப்போதெல்லாம் ஊருக்கே அந்த ஒரு பேப்பர்தான். காலை ஆறு மணிக்கு வரும், மை விரலில் ஒட்டும், விரலிலிருந்து சட்டைக்குப் போகும். அதில் வந்தால் வந்ததுதான். இன்று நினைத்தாலும் அந்த மை வாசனைக்கு மனம் ஏங்குகிறது.

பூட்டுக்காரருக்குப் பிழைப்பு போனதுகூடப் பெரிதில்லை. அவரை எடுத்து வளர்த்த அக்காவின் வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்கவில்லை. தினமும் மதியச் சாப்பாடு அங்கேதான். அக்கா ஜன்னல் கம்பி வழியாக டப்பாவை நீட்டுவாள். அவர் வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

ஒன்பதாம் நாள் ஏழாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. அன்று முதல் சூட்கேஸ், தபால்பெட்டிப் பூட்டுகள் மட்டும் அவரைக் கண்டு பூட்டிக்கொள்வதை விட்டன. கதவுகள் அசைந்து கொடுக்கவில்லை. அவர் பத்திரிகை ஆசிரியரைப் பார்க்கப் போனார். திறந்து கிடந்த அறைக்குள் நுழைந்ததும் கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. அதுதான் திருத்தம் போட்டாயிற்றே என்றார் ஆசிரியர்.

"பொய்யை முதல் பக்கத்துல மூணு பத்திக்குப் போட்டீங்க. நெசத்தைத் தீப்பெட்டி அளவுல போட்டிருக்கீங்க சார். சின்னப் பூட்டுக்குத்தான் அது எட்டுது."

ஆசிரியர் முறைத்தார், சாவியைத் திருகிப் பார்த்தார், கடைசியில் பேனாவை எடுத்தார். 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினார், கதவு திறக்கவில்லை. அதை அடித்துவிட்டு, 'படத்தை மாற்றிப் போட்டது நாங்கள். இவர் திருடர் அல்ல' என்று எழுதியதும் திறந்தது. மறுநாள் அதே முதல் பக்கம், அதே படம், அதே மூன்று பத்தி. ஊர்ப் பூட்டுகள் அடங்கின. பிழை வந்த இடத்திலேயே திருத்தமும் வருவது அதற்கப்புறம் அந்தப் பேப்பரின் வழக்கமாயிற்று.

அக்கா வீட்டுப் பூட்டு மட்டும் அடங்கவில்லை. அவர் பேப்பரை ஜன்னலில் விரித்துக் காட்டினார். அக்கா அதைப் படிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலைல நானும் நம்பிட்டேன்டா. ஒரு டீ ஆறுற நேரம்தான். ஆனா நம்பிட்டேன். தப்பு என்னோடது."

பூட்டு திறந்தது. அவர் உள்ளே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து தட்டைக் கேட்டார். கொஞ்ச நாளாகவே பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்றாள் அக்கா. சாப்பிட்டு முடித்ததும் அதற்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார்.