பதினொன்றாம் கட்டம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வனத்துறையில் மரக்கணக்கு எடுக்கும் என் அண்ணி ஒரு படிவத்தை மேசைமேல் போட்டு, "கதை கதையா எழுதுறீங்களே தம்பி, இந்தப் பதினொன்னாம் கட்டத்துக்கு ஒரு எண் சொல்லுங்க" என்றார்.

2

முதல் தொடக்கம்: 'மூடுபனிக்குள் அந்த மரம் ஒரு முனிவரைப் போல' [அடித்துவிட்டேன். முனிவரை யாரும் ஏலம் விடுவதில்லை.]

இரண்டாவது: மலைச்சரிவுக் காட்டில் அண்ணி துளைக்கருவியை மரத்துக்குள் திருகினார். பென்சில் கனத்தில் ஒரு குச்சி வந்தது. அதிலிருந்த வளையங்களை, ஆண்டுக்கு ஒன்றாக, எண்ணினார். நூற்றுப்பன்னிரண்டு. அதற்குமேல் குச்சி இல்லை, பழுப்புத் தூள்தான் கொட்டியது. நடுவில் பொந்து.* மற்ற பெரிய மரங்களிலும் இதே கதை.

நூற்றைம்பது வயதைத் தாண்டிய மரங்கள் நின்றால், அரசு நிலத்தில் அது விதிப்படி பழங்காடு. வெட்டக்கூடாது. தாண்டாவிட்டால் ஏலம்.

* மரத்தின் இளமைக்கால வளையங்கள் நடுவில் இருக்கின்றன. முதுமையில் முதலில் உளுத்துப்போவதும் அந்த நடுப்பகுதிதான். எண்ண முடியாத அளவுக்குக் கிழடாக இருப்பதே அந்த மரங்கள் செய்த குற்றம்.

3

"'குறைந்தது 112'ன்னு போடலாமா சார்?" அண்ணி மேலதிகாரியிடம் கேட்டார்.

"அதுல எண் மட்டும்தாம்மா ஏறும். எழுத்து போட்டா கம்ப்யூட்டர் துப்பிடும்."

"மூணு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம் சார்."

"கட்டிப்பிடிக்கிறதுக்குக் கட்டம் இல்லையே."

[இந்த மேலதிகாரியை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று அன்று சீக்கிரம் கிளம்பிய மனிதர். விதியை எழுதியவரும் அவரல்ல. எழுதியவரைத் தேடிப் போனபோது, அவர் ஓய்வுபெற்று... வேண்டாம், அது வேறு கதை.]

4

முடிவுகள்:

(அ) 112. எண்ணியதைத்தான் எழுதுகிறார், பொய்யில்லை. காடு போகும்.

(ஆ) 151. காடு பிழைக்கும், யாரும் மறுபடி துளைத்துப் பார்க்காதவரை. பார்த்தால் வேலை போகும். அவர் இதுவரை பழங்காட்டுப் பட்டியலில் சேர்த்த பதினான்கு காடுகளும் சந்தேகத்துக்கு வரும்.

(இ) கையெழுத்துப் போட மறுக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குமுன் பக்கத்து நாற்காலிக்காரர் (அ)-வை எழுதுகிறார்.

அண்ணி என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும். போன மாதம் அந்தச் சரிவுக்குப் போயும் பார்த்தேன். சொல்லமாட்டேன். சொன்னால், 'பாவம், அவர்தான் என்ன செய்வார்' என்று மன்னித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். படிவம் இப்போது உங்கள் முன்னால்.

11. மரத்தின் வயது (எண்ணில் மட்டும்): _ _ _