யோகலிங்கம் சொன்ன ஜப்பான் சாப்பாடு

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதம் ஜப்பானிலிருந்து ஒஸ்லோவின் வெஸ்ட்லிக்குத் திரும்பிய யோகலிங்கம், அங்கே தான் சாப்பிட்டதைப் பற்றிக் கதைத்தால் கேட்பவர்களுக்கு வயிறு நிறைந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, ஏப்பமே வந்தது. வாசலெல்லாம் பனி கொட்டிக் கிடக்கும் ஒஸ்லோவிலிருந்து பனிச்சறுக்க ஜப்பானுக்குப் போவானேன் என்று கேட்கலாம். வேலையிடத்துக் கிறிஸ்மஸ் விருந்துக் குலுக்கலில் விழுந்த பயணம், விடுவாரா மனிசன்? முதல் சரிவிலேயே குப்புற விழுந்தார். மிச்ச நாளெல்லாம் சறுக்குக் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினார்.

அவர் கதையால் பசியாறாத ஒரே ஆள் அவர் மனைவி சத்தியபாமா. புருசன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கத்தை அவர் எப்போதோ விட்டிருந்தார். ஆனால் வருகிற சனமெல்லாம் கூடத்தில் கதை கேட்டுவிட்டு, குசினியிலிருந்து வரும் ரோல்ஸைத் தொடாமல் எழும்பிப் போனதை அவரால் பொறுக்க முடியவில்லை. சமையல் ஓடர் எடுக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மகள் மயூராவின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து, எல்லாவற்றையும் தானே சமைத்தார். சாப்பிட்டவர்கள் ருசி பிடித்து ஓடர் தருவார்கள் என்று நம்பினார்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு மட்டும் யப்பானைப் பற்றி வாய் திறக்காதேங்கோ" என்று புருசனிடம் கெஞ்சிச் சொன்னார்.

ஓம் என்றவர்தான். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ரங்கநாதன் பக்கத்தில் வந்து அமர்ந்து, "சார், அடுத்த மாசம் ஆபீஸ்ல ஜப்பான் ஸ்கீ ட்ரிப். அங்க எங்க சார் சாப்பிடறது?" என்று கேட்டார். யோகலிங்கம் உதட்டைக் கடித்தார். தண்ணீர் குடித்தார். பிறகு உடைப்பெடுத்தது. மலையுச்சிக் குடிலில் வெண்ணெயும் சோளமும் மிதக்கும் நூடில்ஸ், அடிவாரத்து ஒழுங்கையில் கரியில் வாட்டிய கோழி, கிண்ணத்தில் சூடாக வரும் அரிசி மது, ரசத்துக்குள் கோழிக்காலை இறக்கியதுபோல ஒரு சூப்புக் கறி. மண்டபம் முழுக்க பெல்ட்டைத் தளர்த்தியது. அரிசி மதுவுக்குச் சிலர் லேசாக ஆடினார்கள். சுத்த சைவமான ரங்கநாதன் கோழி ஏப்பம் விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் தொடுவாரின்றி ஆறின. சத்தியபாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கரண்டியோடு வந்து புருசன் முன்னால் நின்றார்.

"கலியாணம் கட்டின நாள் தொட்டு என்ரை கையாலை சாப்பிடுறியள். அதைப் பற்றி ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ?"

யோகலிங்கம் தலையைச் சொறிந்தார். "என்னத்தைச் சொல்லுறது... கறி முடிஞ்ச சட்டியிலை சோத்தைப் போட்டுப் பிரட்டுவியெல்லே. பிள்ளைக்குக் குடுக்க முதல் நான் களவா ஒரு பிடி எடுக்கிறனான். யப்பானிலை எந்தக் கடையிலை சாப்பிட்டாலும் எழும்பேக்கை கையை மணந்து பாத்தனான். அந்த மணம் ஒரு நாளும் வரேல்லை."

பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் சத்தியபாமா புருசன் சொன்னதை முழுதாகக் கேட்டார். முதலில் இரைந்தது சத்தியபாமாவின் வயிறுதான். அடுத்தது ரங்கநாதனுடையது. பிறகு மண்டபமே பசியில் இரைந்தது. அடிபிடிப்பட்டுத் தட்டெடுத்தார்கள். ரங்கநாதனுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி மூன்று தரம் போடவேண்டியிருந்தது. சட்டியில் வழிக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை.

ரங்கநாதன் மறுமாதம் ஜப்பானில் யோகலிங்கத்தின் கதையை நினைத்து நினைத்தே பசியில்லாமல் ஒரு வாரம் சறுக்கிவிட்டு, காசு மிச்சம் என்று சந்தோசமாகத் திரும்பினார். இப்போது ஒஸ்லோவின் மறுகோடி ஹவுகெட்டோவரை சத்தியபாமாவுக்கு ஓடர் வருகிறது. சமையல் முடிந்ததும் அவர் கதிரையை இழுத்துப் போட்டு, "ம், சொல்லுங்கோ" என்பார். யோகலிங்கம் அன்றைய கறியைப் பற்றிச் சொல்லுவார். இருவருக்கும் பசிக்கும், சாப்பிடுவார்கள்.