தூக்குவாளிக்குள் அடங்கியது

செவ்வாய்க்கிழமை மீது வழக்குப் போடுவதென்றால் அது குடியிருக்கும் ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும். விதி அப்படி. ஆகவே மோட்டார் காயில் கட்டும் சங்கரபாண்டி காலையிலேயே பஸ் பிடித்து அந்த ஊர்ச் சிறுவழக்கு மன்றத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி குணவதியைப் போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் கொண்டுபோயிருந்தது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். செவ்வாயும் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிளார்க் லூர்துமேரி ஓர் எவர்சில்வர் தூக்குவாளியை நகர்த்தி வைத்தாள். “வழக்கு இதுக்குள்ள அடங்கணும்ணே. மூடியும் மூடணும்.”

“முழு ஆளும்மா.”

“முழு ஆளுக்குப் பெரிய கோர்ட்டுதான். அங்க வாய்தா வாங்க வந்தவங்களோட பேரப்பிள்ளைங்க இப்ப வாசல்லயே டீக்கடை வச்சிருக்காங்க.”

“கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு, தனித்தனி வழக்காப் போட்டா?”

“எல்லாரும் இதத்தான் கேக்கிறீங்க. ஒரு இழப்புக்கு ஒரு வழக்குதாண்ணே. அடங்காத மிச்சத்த விட்டுக்கொடுத்துறணும். அப்புறம் எங்கயும் அதக் கேக்கக் கூடாது. உங்க மனசுகிட்டகூட.”

சங்கரபாண்டி வராந்தா பெஞ்சில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் குணவதியின் சிரிப்பை வைத்துப் பார்த்தார். அடேயப்பா, அடுத்த தெரு வரைக்கும் கேட்கிற சிரிப்பு. மூடி எகிறி விழுந்தது. அவள் கோபத்தை வைத்தார்; அது உள்ளே அடங்கியது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? கடைசியில், மத்தியானங்களில் அடுப்படியிலிருந்து அவள் கூப்பிடுவதை வைத்தார். “ஏங்க, சாப்பிட வாங்க.” மூடி கச்சிதமாக உட்கார்ந்தது.

“அப்ப முகம்?” என்று ஜன்னலில் போய்க் கேட்டார்.

“அது மிச்சத்துல வருதுண்ணே” என்றாள் லூர்துமேரி, நிமிர்ந்து பார்க்காமல்.

பாவம் மனுஷன், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். யாரும் தடுக்கவில்லை. அங்கே எல்லா வழக்குக்கும் அந்த இடம் வரும்.

விசாரணை அன்றைக்கே. வக்கீல் கிடையாது. சம்மன் கிடைத்துச் செவ்வாய் நேரத்துக்கு வந்தது. ஒல்லியாக, தேய்த்த சட்டையோடு. “என்கிட்டதான் இருக்கு. குடுத்துறேன்” என்றது. அந்தக் குரலைத் தூக்குவாளிக்குள் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தது. நீதிபதி தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது பியூன் ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு போனார். நல்ல கனம். வழியில் நின்ற சங்கரபாண்டி ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார்.

“யாரோடதுங்க?”

“யாரோ விட்டுக்கொடுத்த மிச்சம்” என்றார் பியூன்.

“ஐயோ பாவம்” என்றார் சங்கரபாண்டி. பத்திரமாகத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் மத்தியானம் மூடியைத் திறந்தார். “ஏங்க, சாப்பிட வாங்க” என்று ஒரு பெண்குரல் கூப்பிட்டது. இதமான குரல். யார், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுந்தார். தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டார்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். செவ்வாய் உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தது. மாசியிலிருந்து இந்தக் குரல் கூப்பிட்டுத்தான் அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சங்கரபாண்டி இன்னொரு தட்டை எடுத்து வைத்தார்.