மிஞ்சிய ஒற்றை இழை

4621 என்ற எண்மேல் கலைவாணிக்கு வந்த கோபம், அதை உண்டாக்கிவைத்த அப்பாமேல் வந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

பிள்ளையார்பாளையத்தில் யார் யார் கல்யாணத்துக்கோ பட்டு நெய்கிறவள், தன் முகூர்த்தப் புடவையையும் தானே நெய்ய ஆசைப்பட்டாள். புடவையில் வரிசைக்குப் பத்து அன்ன உருவம், ஓர் அன்னத்துக்கு 462 இழை. ஆக 4620 இழையில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏறும் நூல், ஓட்டித் தரும்படி அப்பா உமாபதியிடம் சொன்னாள். தந்தார். தறியில் ஏற்றி, உருவம் விழவைக்கும் ஜக்கார்டுக் கயிறுகளில் இழைகளைக் கோத்து முடித்தபோது, ஓரத்தில் ஓர் இழை போக்கிடமில்லாமல் தொங்கியது.

“மொய் வெச்சா நூத்தியொண்ணுன்னுதானே வெக்கிறோம்? கல்யாணப் பாவாச்சே, மொட்டையா உடக்கூடாதுன்னு ஒண்ணு சேத்துட்டேன்மா,” என்றார் உமாபதி, பெரிய உபகாரம் செய்தவர்போல.

“அத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமாப்பா?”

அறுத்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் முகூர்த்தப் பாவில் இழையை அறுப்பது அவர்கள் வீட்டில் ஆகாத காரியம். அவளுக்கும் கை வரவில்லை. ஓரத்திலேயே விட்டால் கரை சேருமிடத்தில் கோடு விழும். கல்யாணம் அடுத்த மாதம். வேறு பாவுக்கு நேரமில்லை. இன்னொருவர் நெய்த புடவையில் தான் மணையில் உட்காருவதை நினைத்துப் பார்க்கவும் அவள் தயாராக இல்லை.

அன்னத்தின் அளவை மாற்றலாமா என்று செல்போனில் வகுத்துப் பார்த்தாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, எதற்கும் 4621 மசியவில்லை. அறுபத்தேழு வரை போய்விட்டாள். அதற்குமேல் தேவையில்லை, அறுபத்தெட்டை அறுபத்தெட்டால் பெருக்கினாலே அதைத் தாண்டிவிடும். சுத்தமான பகா எண். அப்பாவின் பிடிவாதம் அதற்கும் அப்படியே வந்திருந்தது.

“இன்னாமா ஆச்சு?”

“ரெண்டுல வகுத்தா ஒண்ணு மிச்சம். மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எதுல வகுத்தாலும் ஒண்ணு மிச்சம். நீ போட்ட அந்த ஒண்ணு என் உயிர வாங்கிக்கினு இருக்குதுப்பா!”

கத்திய வாய் அப்படியே நின்றது. அந்த ஒன்றையும் பங்கில் சேர்த்தால்தானே வம்பு? நடுவில் தனியாக நிறுத்தினால் இந்தப் பக்கம் 2310, அந்தப் பக்கம் 2310. பக்கத்துக்கு ஐந்து அன்னம். பத்தும் ஒரே திசையைப் பார்ப்பானேன்? ஐந்து திரும்பி மற்ற ஐந்தைப் பார்க்கட்டும். நடு இழைதான் இரண்டு பக்கத்துக்கும் எல்லை.

பாதிக் கயிறுகளை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினாள். நடு இழைக்குத் தனிக் கயிறு. அது முடியும்வரை அப்பாவைத் தறிக்குக் கிட்டேயே சேர்க்கவில்லை. முதல் வரிசை முடிந்தபோது நடுவிலிருந்த இரண்டு அன்னங்களும் அலகோடு அலகு நெருங்கி நின்றன. அப்பாடா என்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உமாபதி வாசலில் நின்றபடியே கேட்டார். “அறுத்துட்டியாமா?”

“அறுக்கலப்பா. வந்து பாரு.”

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “அப்போ நான் சேத்தது சரிதானே?”

“தப்புதான்,” என்றாள், சிரிப்பும் அழுகையுமாக. “ஆனா இதக் கட்டிக்கினுதான் மணையில உக்காரப்போறேன்.”