அல்பிரட்டின் வலது கை

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது, வாசகரே. தவறு என்னுடையது. முதல் வரைவில் அதை அனஸ்ரேசியா என்ற பெண்ணின் தலையில் கட்டியிருந்தேன்.

[முதல் தொடக்கம்: "வெஸ்ட்லி அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடி. அனஸ்ரேசியா எதிரில் இருந்தவரின் கண்களுக்குள் ஊடுருவி..." வேண்டாம். போக்கர் மேசையில் கண்ணைவிடக் கையைத்தான் பார்ப்பார்கள்.]

அவளை மேசையிலிருந்து எழுப்பிவிட்டேன். அந்தக் கதிரை என்னுடையது.

2

இரவீந்திரன் அண்ணை வீட்டில் மாதத்தில் இரண்டு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஐந்து பேர் போக்கர் விளையாடுவோம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில். இடையிடையே பந்தயம். சின்னக் காசுதான், ஆனால் வீறாப்பு பெரிது.

அல்பிரட் அண்ணை பேருந்து ஓட்டுநர். பென்சனுக்கு இன்னும் பதினாலு மாதம். போன மாரியில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. நல்ல சீட்டு வந்தால் கை நடுங்கும் என்பது போக்கரில் அரிச்சுவடி. இரவீந்திரன் அண்ணை சட்டமே போட்டுவிட்டார்: "அல்பிரட்டின்ரை கை ஆடினா, யோசியாமல் சீட்டைப் போடு." நாங்களும் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகினோம். அவரும் வென்றார். நான் ஒருபடி மேலே போய்க் கொப்பியில் எழுதியும் வைத்தேன்: அல்பிரட், நடுக்கம், பெரிய சீட்டு.*

* நான் பதினொரு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நடுங்கும் கைகளுக்குக் கரண்டி பிடித்துக் கொடுப்பவன். இதைக் கதையின் நடுவில் சொல்ல வெட்கமாக இருந்ததால் கீழே வைத்தேன்.

3

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு. எனக்கு மூன்று பத்தும் இரண்டு நாலும் சேர்ந்துவிட்டன. அதை வெல்வது கஷ்டம். மற்ற மூவரும் சீட்டைப் போட்டுவிட்டார்கள். கடைசிச் சீட்டு விழுந்ததும் அல்பிரட் அண்ணை பந்தயம் வைக்காமல் மேசையைத் தட்டி என் பக்கம் விட்டார். அவருடைய வலது கை மேசையில் கிடந்து நடுங்கியது.

இனி நான் வைக்கவேண்டும். வெல்லும் சீட்டு வைத்திருப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதிகம் கேட்டால் எதிராளி சீட்டைப் போட்டுவிடுவார். குறையக் கேட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர் எவ்வளவு தாங்குவார் என்று அறிய ஆளை வடிவாகப் பார்க்கவேண்டும்.

அன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன். தேநீர்க் கோப்பையை எடுத்தார்; கை நின்றது. கோப்பையை வைத்தார், கை மறுபடி ஆடியது. நல்ல சீட்டில் பதறும் கை, பந்தயச் சில்லை எடுக்கும்போது நடுங்கும். இது சும்மா கிடக்கும்போது நடுங்கியது.

[இங்கே ஓர் உவமை இருந்தது. வெட்டிவிட்டேன். வேலையில் நான் தினமும் பார்க்கும் நோயாளிக் கைகளே போதும்.]

முந்நூறு குரோனருக்குப் போன என் விரல் திரும்பிவந்து அறுபது வைத்தது. அவர் விலகாமல் சீட்டைக் காட்டவேண்டும்; அந்தக் கை எதற்கு நடுங்கியது என்று எப்படியும் பார்க்கவேண்டியிருந்தது.

"அறுபதோ? கேக்கிறதையும் வெக்கப்பட்டுக் கேக்கிறாய், தம்பி." அண்ணை அறுபதைத் தள்ளிச் சீட்டைத் திருப்பினார். கையில் வெறும் ஒரு சோடி ஆறு. அதற்கு யாருக்கும் கை நடுங்காது.

"இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறாய்! நடிகனடா நீ!" என்று இரவீந்திரன் அண்ணை அவரைப் பார்த்துக் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அல்பிரட் அண்ணையும் சிரித்தார். சிரித்தபடியே வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார். மீதி ஆட்டம் முழுவதும் இடது கையால் விளையாடினார்.

4

நானும் அல்பிரட் அண்ணையும் ஸ்டேஷனுக்கு ஒன்றாக நடந்தோம்.

"அண்ணை, அந்தக் கை..."

"குளிரடா தம்பி."

நல்ல வெயில். அவருடைய ஜக்கெட் தோளில் கிடந்தது.

"டொக்டரிட்டை ஒருக்கா..."

"பதினாலு மாசம் போகட்டும். பிறகு எந்த டொக்டரிட்டையும் வாறன். இப்ப போனா லைசென்சைப் பறிச்சுப்போடுவாங்கள்." நின்று என்னைப் பார்த்தார். "நீ ஒண்டும் பாக்கேல்லை, என்ன?"

"ஓம்" என்றேன்.

[இந்த "ஓம்" ஏழு தடவை வெட்டப்பட்டது. ஆனால் நான் சொன்னது அதுதான்.]

எனக்குப் பயமாக இருந்தது. அவருக்காகவும், நம்பி அவருக்குப் பின்னால் உட்கார்ந்து போகும் சனத்துக்காகவும்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அண்ணை தானாகவே டொக்டரிடம் போகிறார். மருந்து, ஓய்வு, நிம்மதி. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

நான் பேருந்துக் கம்பனிக்குப் பெயர் போடாத கடிதம் எழுதுகிறேன். "மதிப்புக்குரிய..." இதைக் கதைக்கு வெளியேயும் தொடங்கினேன். கிழித்துப் போட்டேன்.

ஒருநாள் காலை, தரிப்பிடத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள், பேருந்து...

இதை எழுதமாட்டேன்.

6

ஒன்றை உங்களிடம் மறைத்துவிட்டேன். அல்பிரட் என்பது நான் வைத்த பெயர். கை மட்டும் அவருடையதே. எங்கள் சங்க மலரில் வரும் என் கதை ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுப்பவர் அவர் ஒருவர்தான். எப்போதும் ஒரே முறைப்பாடு: "தம்பி, முடிவு சரியில்லை."

ஆகவே அண்ணை, இது உங்களுக்கு. அன்றைக்குச் சொன்ன "ஓம்" என்பதைத் திரும்ப எடுக்கிறேன். நான் பார்த்தேன். மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னால் எழும்பிப் போய்விடுவீர்கள். சொல்லாமல் விட்டால் பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நீங்கள் தாங்குவீர்கள் என்று நான் நம்பும் அளவு இந்த இரண்டு பக்கம்தான். ஒரே ஒரு பிரதி எடுத்து உங்கள் தபால்பெட்டியில் போடுகிறேன்.

நாங்கள் இருவரும் டொக்டரிடம் போய்வந்து, "இனிப் போடு" என்று நீங்கள் சொன்னால்தான் இது மலரில் வரும். அதுவரை இதற்கு வாசகர் நீங்கள் ஒருவரே. வேறு யாராவது இதை வாசித்துக்கொண்டிருந்தால், நீங்கள் வைத்த முடிவு அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. காலை எட்டரைக்கு உங்கள் வீட்டுக் கீழ்க்கதவடியில் நிற்பேன்.