பக்கம் புரட்டும் சத்தம்

"மொதல்ல அத எடு" என்று கொழுந்தனின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கினாள் அந்தோணியம்மாள். செபஸ்தியான் தன் அண்ணன் வேதநாயகத்தின் படத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஒட்டி, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். அண்ணன் செத்து முழுசாக விடியக்கூட இல்லை, அதற்குள் இவனுக்கு அலங்காரம்.

"அண்ணி, சொந்தக்காரங்களுக்குத் தெரிய வாணாமா?"

"தெரியட்டும். எம்பொண்ணுக்குத் தெரிஞ்ச பொறவு ஊருக்கே தெரியட்டும். அவ இந்த வூட்டுக்குள்ள கால் வைக்கிற வரைக்கும் ஒருத்தனும் ஒண்ணும் போடக் கூடாது. போஸ்டர் ஒட்டற பசங்களையும் நிறுத்தி வை."

செபஸ்தியான் எடுத்துவிட்டான். அவள் வாயில் விழுந்து எழுந்த அனுபவம் அவனுக்கு நிறைய உண்டு.

விடியற்காலை மாரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான் வேதநாயகம். பட்டினப்பாக்கத்திலிருந்து ஆட்டோ ராயப்பேட்டை ஆஸ்பத்திரியைத் தொடுவதற்குள், மனைவியின் தோளிலேயே முடிந்துபோனான். வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்த பிறகுதான் அவள் பெங்களூருக்குப் போன் போட்டாள். நர்ஸிங் கடைசி வருஷம் படிக்கிற மகள் ஏஞ்சலிடம், "அப்பாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம். மொத ட்ரெயின்ல கிளம்பி வா" என்றாள். பேசி முடிக்கும்வரை, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்த பெண்களை ஒரு கையால் அடக்கி வைத்திருந்தாள்.

பொய்தான். அவளாகத் தீர்மானித்துச் சொன்ன பொய். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் சாந்தோம் பக்கம் கூடையை இறக்கி அவள் மீன் விற்றுக்கொண்டிருந்தபோது, வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒருத்தி, "உங்க குப்பத்துல ஒரு போட் கவுந்து, பெரியவர் ஒருத்தர் பாடி ஒதுங்கிச்சாமே, வேளாங்கண்ணின்னு எழுதின போட்டு" என்றாள். அது அவள் அப்பாவின் போட். அந்தோணியம்மாள் அந்த வஞ்சிரத்தை வெட்டி, நிறுத்து, பையில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அழுதாள். அந்தப் பெண்ணின் முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. தன் வயிற்றில் பிறந்தது அப்படி யார் வாயிலிருந்தோ கேட்கக் கூடாது. வாசலில் நிறுத்தி, கட்டிப் பிடித்துக்கொண்டு, தானே சொல்ல வேண்டும். கணவனின் சாவை ஆட்டோவிலேயே பார்த்தாகிவிட்டது. இனி அவளுக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

ரயில் வரும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே செபஸ்தியானை சென்ட்ரலுக்குத் துரத்தினாள். "அவ கேட்டா ஆஸ்பத்திரின்னு சொல்லு. மூஞ்சிய ஒழுங்கா வச்சிக்கோ" என்றாள்.

அவன் போன பிறகு அந்த ஹவுசிங் போர்டு மாடிப்படியில் ஒரு புது ஆள் ஏறி வந்தான். கழுத்தில் கம்பெனி அட்டை, ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட பழைய காமிக்ஸ் புத்தகம். பெருங்குடியிலிருந்து வருவதாகவும், பெயர் சேரன் என்றும் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான். பெட்டியருகே போய் அந்தப் புத்தகத்தை அதன் மேல் வைக்கக் குனிந்தான்.

"அத அங்க வைக்காத" என்றாள் அந்தோணியம்மாள். "டிவி மேல வை. ஆமா, ஒனக்கு யாரு சொன்னா?"

"எபிசோடு வந்துச்சு அண்ணி. காலைல."

"இன்னா எபிசோடு?"

அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதிமூன்று வருஷமாக, பஸ் கண்டக்டர் வேதநாயகமும், ராயப்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இனாயத்தும் சேர்ந்து, 'கட்டம் கட்டமா' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்திவந்தார்கள். பொம்மை போட்ட புத்தகத்தைப் பற்றி இரண்டு ஆம்பிளைகள் வாரா வாரம் பேசுவது. அதை எங்கெங்கோ இருக்கிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது. பேசுவதெல்லாம் இந்த வீட்டில், இருக்கிற ஒரே ஒரு அறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில். ஞாயிறுதான் மீன் வியாபாரம் தலைக்கு மேல் போகும் நாள். கால் கடுக்க நின்றுவிட்டு வந்தால் கதவு சாத்தியிருக்கும். ஜன்னலில் போர்வை தொங்கும். மைக்கில் இரைச்சல் ஏறுமென்று ஃபேனை நிறுத்தியிருப்பார்கள். அவள் வெராண்டாவில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தரம் ஆசையாக ஒரு புத்தகத்தை எடுத்தபோது, "கை கழுவினியா?" என்று கேட்டான் வேதநாயகம். மீன் வாடை ஒட்டுமாம். அன்றைக்குக் கீழே போட்டதுதான், அப்புறம் ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை.

"இன்னா எபிசோடுன்னு கேட்டேன்."

சேரன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "காமிக்ஸ் வரையறவங்க, எழுதறவங்க யாராச்சும் செத்துட்டா, அந்த வாரம் ஆரம்பத்துல பேச்சு இருக்காது அண்ணி. அண்ணன் ஒரு புஸ்தகத்த மைக் கிட்ட வச்சு ஒவ்வொரு பக்கமாப் புரட்டுவாரு. அந்தச் சத்தம் மட்டும்தான் வரும். அதான் அஞ்சலி. எப்பவும் அண்ணன் கைதான்."

"சரி, அதுக்கு?"

"இன்னைக்கு வந்ததுல பேச்சே இல்ல. யார் பேரும் இல்ல. புரட்டற சத்தம் மட்டும் இருந்துச்சு. ஆனா அது அண்ணன் கை இல்ல. வேற யாரோ புரட்டறாங்க. அப்போ அஞ்சலி அண்ணனுக்கேதான்னு கேட்டவுடனே எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு. குரூப்புல ஒரே அழுகை. எனக்கு முன்னாடியே வீடு தெரியும், அதான் ஓடி வந்தேன்."

அந்தோணியம்மாள் எழுந்தாள். இனாயத் வெராண்டாக் கோடியில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவன் அவன்தான். மூன்று மாடியும் உடம்பைச் சுமந்து ஏறியவனும் அவன்தான். பெட்டியில் வைத்த பிறகு, கடைக்குப் போய் வருகிறேன் என்று கொஞ்ச நேரம் காணாமல் போயிருந்தான். எதற்குப் போனான் என்று இப்போது விளங்கியது.

"தோ பாரு இனாயத்து. ஸ்டேட்டஸ் வாணாம், போஸ்டர் வாணாம்னு காலைலேருந்து தொண்ட கிழிய கத்திகினு கீறேன். நீயும் நின்னு கேட்டுகினுதானே இருந்த?"

"நான் பேர சொல்லல அண்ணி" என்றான் இனாயத். "சத்தியமா ஒரு வார்த்த பேசல. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. கடைல போயி ஒக்காந்தேன். கை தன்னால மைக்க எடுத்துடுச்சு. யார் யாருக்கோ செஞ்சோம், வேதாவுக்கு செய்யாம..."

"பேரு சொல்லாமயே சொல்றதுக்குத்தானே பதிமூணு வருசமா ஊரப் பழக்கி வச்சிகீறீங்க!"

இனாயத் செல்போனை எடுத்து எதையோ அழுத்தினான். "எடுத்துட்டேன் அண்ணி. ஆனா ஏற்கெனவே எறங்கினது அவங்கவங்க போன்ல இருக்கும்."

"எவன் போன்ல இருந்தா எனக்கின்னா? ஏஞ்சலு அதெல்லாம் கேக்காது. அவளுக்கும் அவ அப்பனுக்கும் அதுலதானே சண்டையே. நாயித்துக்கெழம ஒரு எடத்துக்குக் கூட்டினு போனதில்லன்னு எத்தினி நாள் மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருந்திருக்கா."

இனாயத் தரையைப் பார்த்தான்.

"இன்னாடா?"

"கேக்கும் அண்ணி. எபிசோடு போட்ட ஒடனே மொத ஆளா அதுதான் கேக்கும். தப்பு கிப்பு இருந்தா எனக்கு மெசேஜ் போடும். அப்பாகிட்ட சொல்லாதீங்க மாமான்னு சொல்லி வச்சிகீது."

பளாரென்று அறைந்தாள். வெராண்டாவில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்னொன்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறவன் போல நின்றான். அது அவள் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. இந்த ஆள் மேல் மட்டுமா? பெட்டிக்குள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி படுத்திருக்கிறானே, அவன் மேல். அம்மாவிடம் மூச்சு விடாமல் அந்தக் கர்மத்தை வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தாளே, அந்தப் பெண் மேல். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து, தன்னை மட்டும் வெராண்டாவிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

மகளுக்குப் போன் போட்டாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. ரயிலில் சத்தத்தில் கேட்டிருக்காது என்று பக்கத்துவீட்டுக்காரி சொன்னாள். இருக்கும் இருக்கும் என்று தலையாட்டிக்கொண்டே மூன்றாம் தடவை போட்டாள்.

மத்தியானத்தில் செபஸ்தியான் கூப்பிட்டான். "புள்ள எறங்கிடுச்சு அண்ணி. ஆட்டோல வந்துகினு கீறோம்."

"இன்னா கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்பா எப்படிக்கீறாருன்னு கேக்கல?"

"இல்ல அண்ணி. எந்த ஆஸ்பத்திரின்னு கூட கேக்கல. வூட்டுக்குப் போலாம் சித்தப்பான்னு மட்டும் சொல்லிச்சு."

அந்தோணியம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தெரிந்துவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. முகத்தைக் கழுவி, தலையை அள்ளி முடிந்து, வாசற்படியில் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை இன்னொரு தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே ஐஸ் பெட்டியிலிருந்து வேதநாயகத்தை எடுத்து சவப்பெட்டியில் கிடத்தினார்கள். கோயிலிலிருந்து ஃபாதர் வந்துவிட்டார். எல்லோரும் ஏஞ்சலுக்காகக் காத்திருந்தார்கள்.

ஏஞ்சல் படியேறி வந்தாள். முதுகில் பை, கழுத்தில் இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் அழுது முடித்த முகம். கண்ணெல்லாம் காய்ந்து வீங்கியிருந்தது. அந்தோணியம்மாள் இரண்டு கையையும் நீட்டி, "ஏஞ்சலு, அப்பா..." என்று ஆரம்பித்தாள்.

"யாரும்மா பொரட்டினது?" என்றாள் ஏஞ்சல்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"எங்க வரும்போது கேட்ட?"

"ஜோலார்பேட்ட."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்லம்மா. ஒரு ஃபேமிலி. சப்பாத்தி சாப்ட்டுனு இருந்தாங்க. ஏம்மா அழற, சாப்டறியான்னு கேட்டாங்க."

ஜோலார்பேட்டையிலிருந்து சென்ட்ரல் வரைக்கும். சப்பாத்தி தின்கிறவர்களுக்கு நடுவில் தனியாக. அந்தோணியம்மாள் மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். சொல்வதற்கு இனிமேல் ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் எவன் எவனுக்கோ கொடுத்தாகிவிட்டது.

உள்ளே வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்த ஏஞ்சல், சவப்பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற இனாயத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானா மாமா?"

"நான்தாம்மா."

"ரொம்ப வேகமாப் பொரட்டிட்டீங்க. அப்பா படிச்சிட்டுத்தான் பொரட்டுவாரு. கடசிக் கட்டம் வரைக்கும் படிப்பாரு."

அறை வாங்கியபோது அழாத இனாயத் இப்போது முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

ஃபாதர் செபப் புத்தகத்தைத் திறந்தார். மூடியை எடுத்துவரச் சொல்லி யாரோ கண் காட்டினார்கள். கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"இருங்க ஃபாதர்" என்றாள் அந்தோணியம்மாள்.

டிவி மேல் புத்தகங்கள் குவிந்திருந்தன. சேரனுக்குப் பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொன்றாக அங்கே வைத்திருந்தார்கள். மாலையும் மெழுகும் ஒட்டிய கையை அவள் கழுவவில்லை. மேலே இருந்ததை அப்படியே எடுத்து, பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மகளின் மடியில் வைத்தாள். அட்டையில் ஒருவன் குதிரை மேல் உட்கார்ந்திருந்தான்.

"நீ பொரட்டு" என்றாள்.

ஏஞ்சல் அம்மாவைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை அப்பாவின் காதோரம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மேல் மூலையை விரலால் தடவித் தடவிப் பிரித்தாள்.

கதவோரத்தில் இனாயத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. காலையில் போனது போலவே அந்தக் கை தன்னால் போனது.

"ஃபோன உள்ள வை" என்றாள் அந்தோணியம்மாள். "இது எங்களுது."

கை திரும்பி வந்தது. ஏஞ்சல் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தோணியம்மாள் எழுந்து, ஆட்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு சுவருக்குப் போய், சுவிட்சைத் தட்டி அதை நிறுத்தினாள். அறைக்குள் இருந்தவர்களுக்கெல்லாம் வேர்த்து ஊற்றியது. ஏனென்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஏஞ்சல் கடைசிக் கட்டம் வரைக்கும் படித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பினாள்.